படத்தின் அடியை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவில்பட்டியில் முப்பத்தெட்டு வருஷம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன். 1973இல் ஆரம்பித்து 2011இல் ஷட்டரை இழுத்து மூடினேன். உங்கள் பேப்பரை அதற்கும் முன்பிருந்தே வாங்குகிறேன். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளவும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்த இணைப்பில், பொய் இயற்கையைப் படமெடுக்கும் கலைஞர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். பிளாஸ்டிக் காடு, கூரைக்குள் கடற்கரை, மியூசியத்து மிருகம் என்று மனிதன் செய்துவைத்த போலி இயற்கையை ஆறு வருஷம் சுற்றி எடுத்து, 2025இல் சோனி உலகப் புகைப்பட விருது வாங்கிய ஸெட் நெல்சனில் தொடங்கி, அந்த வழியில் முன்னால் போன சிலரையும் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். தமிழில் இப்படி ஒரு விஷயத்துக்கு முழுப் பக்கம் கொடுத்ததற்கு நன்றி.

அந்தப் பக்கத்தின் நடுவில் பெரிதாக ஒரு படம் இருந்தது. பனை ஜாதி மரம் போல வேஷம் போட்ட செல்போன் டவர். அந்தப் படத்தின் அடிப்பகுதியை வெட்டிவிட்டீர்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் பேத்தி சென்னையில் விஸ்காம் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தவள் அதே படத்தை லேப்டாப்பில் முழுசாகக் காட்டினாள். மரத்தடியில் கம்பி வேலி இருக்கிறது, சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி அறை இருக்கிறது, அதிலிருந்து மரத்துக்குள் ஏறும் கேபிள் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் இதெல்லாம் கிடையாது. அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் இருக்கிறது. விளம்பரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பேப்பர் நடக்க வேண்டுமே. ஆனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். எனக்கு முன்னால் பேப்பரை எடுத்த என் மனைவி, "எந்த ஊர் மரங்க இது, காய்ஞ்ச மட்டை ஒண்ணுகூடத் தொங்காம இவ்வளவு சுத்தமா நிக்குது?" என்று கேட்டாள். பனைக்காட்டு ஊர்க்காரி, அதனால் மட்டையைக் கவனித்தாள். ஆனாலும் மரம் என்றுதான் நினைத்தாள். போலி மரத்தைப் போலி என்று காட்ட எடுத்த படம், உங்கள் கத்தரி பட்டதும் ஒரு நல்ல மரத்தின் படம் ஆகிவிட்டது.

இந்த வேஷ மரங்களைத் தேடித் தேடி எடுத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் வோய்ட் என்ற ஜெர்மன்காரர். அமெரிக்கா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று பல தேசங்களில் எடுத்து, 2014இல் புத்தகமாகவும் போட்டார். பேத்தி காட்டக் காட்ட எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அவர் எடுத்திருப்பது பாஸ்போர்ட் போட்டோ. மரத்தை நட்ட நடுவில் நிறுத்தி, நேருக்கு நேர், நிழல் விளையாடாத மந்தமான வெளிச்சத்தில், பெரிய ஃபிலிம் கேமராவில் எடுத்திருக்கிறார். மரத்துக்கு அழகு சேர்க்க ஒன்றுமே செய்யவில்லை. பாஸ்போர்ட் போட்டோவில் யாரும் தப்ப முடியாது என்பது என் தொழில் அனுபவம். காது பெரிசா, ஒரு தோள் இறங்கியிருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். இந்த மரங்களுக்கும் தெரிகிறது. தண்டு குழாய் மாதிரி நேராக இருக்கிறது, கிளை எல்லாம் உச்சிக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது, பக்கத்து மரங்கள் எல்லாம் இடுப்பளவுக்கு இருக்க இது மட்டும் தனியாக வளர்ந்து நிற்கிறது. அப்புறம் கீழே அந்த வேலியும் பெட்டியும்.

இந்த வேஷத்தின் கதையும் நல்ல கதை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ட்யூசான் நகரத்தில் ஒரு கம்பெனி, மிருகக்காட்சிசாலைக்கும் மியூசியத்துக்கும் பொய்ப் பாறை, பொய் மரம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. செல்போன் வந்ததும் டவர் வேண்டியிருந்தது. சிக்னல் எல்லோருக்கும் வேண்டும், டவர் மட்டும் யார் வீட்டு ஜன்னலிலும் தெரியக்கூடாது. 1992இல் டென்வரில் ஒரு டவருக்கு அந்தக் கம்பெனி பைன் மர வேஷம் போட்டது. நாலு வருஷம் கழித்துத் தென்னாப்பிரிக்காவில் பனை ஜாதி வேஷம் வந்தது. மொட்டை டவரைவிட வேஷ டவருக்குச் செலவு அதிகம். ஆனாலும் போட்டார்கள்.

சரி, இனி கட்டுரைக்கு வருகிறேன். இந்தப் படங்கள் எல்லாம் "பொய்யைப் பார்த்து ஏமாறும் மனிதர்களைக் கேலி செய்கின்றன" என்கிற அர்த்தத்தில் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவர் இளைஞராக இருக்க வேண்டும். பொய் இயற்கை முன்னால் ஆளை நிறுத்திப் படமெடுத்துத்தான் நான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். யார் ஏமாந்தார்கள் என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

என் ஸ்டூடியோவில், ஆளுக்குப் பின்னால் தொங்கவிடும் சீன் துணி மூன்று இருந்தன. மாடிப்படி வைத்த பங்களா ஒன்று. மேகமும் முழு நிலாவும் ஒன்று. மூன்றாவது, குளம். பத்தடிக்கு எட்டடி காடாத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சிச் சுண்ணாம்புப் பொடியோடு குழைத்து இரண்டு கை பூசி, காய்ந்த பிறகு மேலே பவுடர் கலரில் எழுத வேண்டும். கலர் என்று பெயர்தானே தவிர, குளத்தில் நீலமும் இல்லை பச்சையும் இல்லை. எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம். அதனால் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை சாம்பலின் ஏழெட்டுச் சாயலிலேயே தண்ணீர், மலை, தென்னை எல்லாம் வந்தாக வேண்டும். மடித்தால் பூச்சு வெடித்துவிடும். மூங்கிலில் பாய் மாதிரி சுருட்டித்தான் வைப்போம்.

அந்தச் சீன்களை எழுதியவர் நாடகக் கம்பெனியில் சீன் எழுதிப் பழகியவர். எங்கள் ஊருக்கு அந்தப் பரம்பரை உண்டு. காலண்டர் சாமி படங்களால் பெயர் பெற்ற கொண்டைய ராஜு நாடகக் கம்பெனியோடு திரைச்சீலை எழுத வந்தவர்தான். கம்பெனி போய்விட்டது, அவர் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் எழுதி, சிவகாசியில் அச்சாகி, வீட்டுக்கு வீடு தொங்கிய சாமிகளுக்குப் பின்னால் ஒரு மலையும் நீரும் இருக்குமே, அது அந்த நாடகச் சீனின் வாரிசு என்பது என் அபிப்பிராயம். ஆராய்ச்சிக்காரர்கள் வேறு சொல்லலாம்.

குளத்தில் இரண்டு அன்னம் வேண்டும் என்று கேட்டேன். அவர் அன்னத்தைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்று பாடத்தில் படித்ததோடு சரி. யாரோ கொடுத்த வெளிநாட்டுக் காலண்டரைப் பார்த்து எழுதினார். ஒன்று அன்னமாகவே வந்துவிட்டது. இன்னொன்று வாத்துக்கும் கொக்குக்கும் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது. குடும்பமாக வந்தால் யாராவது ஒருவரை அதற்கு முன்னால் நிறுத்தி மறைத்துவிடுவேன். ஒற்றை ஆள் வந்தால் பூந்தொட்டி.

எங்கள் பக்கம் கரிசல் பூமி, மழை பார்த்த விவசாயம். அப்படிப்பட்ட ஊரில் மூன்று சீனில் எது அதிகம் ஓடியது என்று நினைக்கிறீர்கள்? குளம்தான். தீப்பெட்டி ஆபீஸில் சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பெண்களாகச் சேர்ந்து வருவார்கள். "அண்ணே, அந்தத் தண்ணி படுதா போடுங்க" என்பார்கள். மழை பொய்த்த ஒரு வருஷம், எட்டயபுரம் பக்கத்துச் சம்சாரி, அதாவது விவசாயி, ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் லைட்டைச் சரிபண்ணி முடிக்கிறவரைக்கும் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தம்பி, ஊர்க் கம்மாய் எல்லாம் வத்திப் போச்சு, ஒன் கம்மாய் மட்டும் வத்த மாட்டேங்குதே" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டு, பேரன் தலையைத் தடவிவிட்டு, அந்த வற்றாத கம்மாய்க்கரையில் விறைப்பாக நின்றார். இந்த மனிதர் ஏமாந்தவரா? கட்டுரையாளரைத்தான் கேட்கிறேன்.

சீன் போட்டு எடுக்கிறவனுக்கு உயிர் போகிற இடம் ஒன்று உண்டு. துணி முடிந்து தரை தொடங்குகிற இடம். மேலே மலையும் குளமும் இருக்கும், கீழே சிவப்புச் சிமென்ட் தரை, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டை மறைக்க ஜமுக்காளத்தை விரிப்போம், பிளாஸ்டிக் பூந்தொட்டியை நகர்த்துவோம். ஆளைத் துணியிலிருந்து நாலடி முன்னால் நிறுத்தி, லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரை அகலத் திறந்து, பின்னால் இருப்பதை லேசாகக் கலங்க விடுவோம். விளக்கைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். ஆள் நிழல் துணிமேல் விழுந்தால் போச்சு, ஆகாயத்தில் நிழல் விழுகிற ஊர் எங்கே இருக்கிறது?

இவ்வளவு செய்தும் சில நெகட்டிவில் கோடு தெரியும். பிரிண்ட் போடும்போது அதை வெட்டிவிடுவேன். ஆமாம், நானும் வெட்டியவன்தான். ஒரு தடவை ஒரு பையன் பிரிண்டை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போனான். "அண்ணே, காலு எங்க? புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தேனே" என்றான். எனக்குச் சுரீரென்றது. முழு நெகட்டிவையும் திரும்பப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கோடு, ஜமுக்காளத்தின் கிழிசல், லைட் ஸ்டாண்டின் ஒரு கால் எல்லாம் அதில் இருந்தது. அவன் எதையும் கவனிக்கவில்லை. செருப்பைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனான். நான் யாரிடம் மறைக்க இவ்வளவு பாடுபட்டேன் என்று அன்றைக்கு யோசித்தேன்.

கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேச வேண்டும். ஹிரோஷி சுகிமோட்டோ. 1948இல் டோக்கியோவில் பிறந்து, 1974இல் நியூயார்க்குக்கு வந்தவர். அங்கே அமெரிக்க இயற்கை வரலாற்று மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் காட்டு மிருகக் காட்சிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு அறை பெரிசு. பாடம் செய்த மிருகம், கையால் செய்த இலை தழை, பின்னால் ஓவியமாக எழுதிய மலையும் வானமும். அதாவது என் ஸ்டூடியோதான், ஆனால் பணக்கார ஸ்டூடியோ.

அந்த மியூசியத்தின் ஆப்பிரிக்கக் கூடம் 1936இல் திறந்தது. அதைத் திட்டமிட்ட கார்ல் ஏக்லி அதற்குப் பத்து வருஷம் முன்பே, காங்கோவில் மிகேனோ மலைச்சாரலில் இறந்துபோனார். அங்கேயே புதைத்தார்கள். கூடத்தில் இருக்கும் கொரில்லாக் காட்சி காட்டுவதும் அதே மலைச்சாரலைத்தான். இப்படி ஒரு பின்னணிச் சீன் உலகத்தில் வேறு எங்கும் இருக்குமா தெரியவில்லை. பின்னணி ஓவியர்களில் ஜேம்ஸ் பெரி வில்சன் என்று ஒருவர். கட்டடக்கலை படித்தவர், 1934இல் மியூசியத்தில் சேர்ந்தார். மூலை தெரியக்கூடாது என்று சுவரை வளைத்துக் கட்டியிருப்பார்கள். வளைந்த சுவரில் அப்படியே எழுதினால் காட்சி கோணிப் போகும். அதற்காகக் கட்டம் போட்டுக் கணக்குப் பண்ணி எழுதும் முறை ஒன்றை அவர் உண்டாக்கினார். நிஜத் தரையும் எழுதிய தரையும் சேருகிற இடத்துக்கு அங்கே 'டை-இன்' என்று தனிப் பெயரே உண்டு. எனக்கு அது பூந்தொட்டி.

சுகிமோட்டோ இந்தக் காட்சிகள் முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்திருக்கிறார். எல்லாம் நிஜமாகிவிட்டது. இரண்டு கண்ணால் பார்த்தால் எது முன்னால், எது பின்னால் என்று மூளைக்குத் தெரிந்துவிடும். ஒரு கண்ணை மூடினால் அந்தக் கணக்கு போய்விடும். கேமராவுக்கு எப்போதுமே ஒற்றைக் கண்தானே. 1976இல் எட்டுக்குப் பத்து அங்குல நெகட்டிவ் போடும் பெரிய கேமராவை வைத்து, பனிக்கரடி ஒன்று தான் அடித்த சீலின் பக்கத்தில் நிற்கும் காட்சியை எடுத்தார். கறுப்பு வெள்ளை. வெள்ளைப் பனிமேல் வெள்ளைக் கரடி. வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை வேட்டி மாப்பிள்ளையை எடுத்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். வேட்டி சுவரில் கரைந்து மாப்பிள்ளை இடுப்போடு முடிந்துவிடுவார். இவருடைய படத்தில் கரடியின் மயிர் தனி, பனி தனி, வானம் தனி.

நான் சொல்வதற்கு எதிராகவே ஒரு ஆளைக் கூட்டிவந்து நிறுத்துகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். கண்ணாடியின் சட்டம், அறையின் ஓரம், டை-இன் எல்லாவற்றையும் சுகிமோட்டோ மறைத்துவிட்டார். உண்மைதான். இரண்டு நாள் இதை யோசித்தேன். அப்புறம் பேத்தி சொன்ன ஒரு விஷயம் வழி காட்டியது. அந்தக் காட்சிகளை ஒரு நொடியில் எடுக்க முடியாது, ஷட்டரைப் பல நிமிஷம் திறந்து வைத்திருக்கிறார். என் ஸ்டூடியோவில் அரை செகண்ட் போட்டாலே கைக்குழந்தை தலையை ஆட்டிக் கலங்கிவிடும். மொட்டை போட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இரண்டு முகத்தோடு பிரேமுக்குள் இருக்கிறார்கள்! பெரியவர்கள்கூட மூச்சை அடக்கினால்தான் தப்பிப்பார்கள். இந்தக் கரடியோ பல நிமிஷம் திறந்த ஷட்டர் முன்னால் ஒரு மயிரும் அசையாமல் நிற்கிறது. உயிருள்ள எதுவும் அப்படி நிற்காது. பொய்யும் நிஜமும் சேருகிற அந்தக் கோட்டை அவர் அழிக்கவில்லை, இடத்திலிருந்து எடுத்து நேரத்துக்குள் வைத்திருக்கிறார். போலி என்பதற்கு அத்தாட்சி படத்துக்குள்ளேயே இருக்கிறது, தேடுகிறவனுக்குக் கிடைக்கும். உங்கள் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் வேலி கிடைக்காது. அது நகைக்கடைக்குப் போய்விட்டது.

ஒரு சின்ன விஷயம், கணக்கில் சேராது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சுகிமோட்டோவின் கரடி 1976. மியூசியத்து வில்சன் இறந்ததும் 1976. எங்கள் கொண்டைய ராஜு இறந்ததும் அதே வருஷம்தான்.

சின்ன வயதில் என்னை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் எழும்பூர் மியூசியத்தைக் காட்டினார்கள். அந்தத் திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்தக் காலத்து மெட்ராஸ் ஜனங்கள் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கள் வைத்த பெயராக இருக்கும். பாடம் செய்த புலியைப் பார்த்துப் பயந்து குழந்தை அழுதிருக்கலாம், ஆனால் எந்த காலேஜ் எது என்று குழம்பியவர் யாரும் இல்லை.

கட்டுரையில் சொன்ன மற்றவர்களில் தாமஸ் டிமாண்ட் என்ற ஜெர்மன்காரரின் வேலை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. காகிதத்திலேயே நிஜ அளவுக்கு எல்லாவற்றையும் செய்து, படமெடுத்துவிட்டு, செய்ததை அழித்துவிடுகிறவர். 2003இல் ஒரு மரத்தோப்பைச் செய்ய 2,70,000 காகித இலைகளை வெட்டினார்களாம். வெட்டிய கைகளுக்கு என் கும்பிடு. படத்தில் வெயில் இலைக்குள் புகுந்து வருவதும் அபாரம். ஆனால் பூச்சி அரித்த இலை ஒன்றுகூட இல்லாத தோப்பை என்னால் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இது என் குறையாக இருக்கலாம். செய்ததை அழிப்பது மட்டும் எனக்குப் புதிதில்லை. என் குளமும் அப்படித்தான் போயிற்று. கலர் ஃபிலிம் வந்ததும் சாம்பல் குளம் சாம்பலாகவே தெரிந்தது, யாரும் கேட்கவில்லை. பத்து வருஷம் சுருட்டியபடி கிடந்து, கடைசியில் தங்கை வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கு மறைப்பாகப் போனது. நெகட்டிவ்களை, ஃபிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்து எடுக்கிறவர்களுக்கு எடைக்குப் போட்டேன். பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடிப் பாதுகாக்கிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டபோது வயிறு எரிந்தது.

மார்ட்டின் பார் என்ற இங்கிலாந்துக்காரர் 1996இல் எடுத்த ஜப்பான் கடற்கரைப் படத்தைக் கட்டுரையாளர் சொல்லியிருந்தது நல்ல விஷயம். மியசாகி ஊரில் ஒரு பிரம்மாண்டமான கூரைக்குள்ளே மணல், அலை, எழுதிய வானம் எல்லாம் வைத்த செயற்கைக் கடற்கரை, 1993இல் திறந்தது. நிஜக் கடல் நடந்துபோகிற தூரத்தில்தான் இருந்தது என்பதையும் அவர் எழுதியிருக்கலாம். 2007இல் மூடிவிட்டார்கள். அந்தப் படத்திலும் ஜனங்கள் ஏமாந்த முகத்தோடு இல்லை. லீவு போட்டுவிட்டு வந்த முகத்தோடு இருக்கிறார்கள். வெயில் சுடாது, மழை நனைக்காது என்று தெரிந்து காசு கொடுத்து வந்தவர்கள். மார்ட்டின் பார் கொஞ்சம் நக்கல் பேர்வழி என்று பேத்தி சொன்னாள். இருக்கட்டும். ஆனால் வானம் முடிந்து கூரை தொடங்குகிற இடத்தை அவர் வெட்டவில்லை.

இதையெல்லாம் எழுத வைத்தது அந்த டவர் படம் மட்டும் இல்லை. போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஊரும் மண்டபமும் வேண்டாம், எல்லோரும் வேண்டியவர்கள். அந்த மண்டபத்து வாசலில் பெரிய வேப்பமரம் ஒன்று இருந்தது. நான் தொழிலில் இருந்தபோது குரூப் போட்டோ எல்லாம் அதன் அடியில்தான். பகல் பன்னிரண்டு மணிக்கும் முகத்தில் கறுப்பு நிழல் விழாமல் எடுக்கலாம், அப்படி ஒரு சீரான நிழல். அதன் வெளிச்சம் எத்தனை மணிக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். இந்தத் தடவை போனால் மரம் இல்லை. அந்த இடத்தில் பிளாஸ்டிக் புல்லும் இலையும் பதித்த ஒரு சுவர், அதன் நடுவில் இங்கிலீஷில் எரிகிற எழுத்து. செல்ஃபி எடுக்கிற இடமாம். மரம் இலை கொட்டுகிறது, காக்கா எச்சம் போடுகிறது, கார் நிறுத்த இடமில்லை என்று காரணம் சொன்னார்கள். எனக்கு ஒரு நிமிஷம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொய் இயற்கைக்கு முன்னால் ஆளை நிறுத்திப் பிழைத்தவன் எந்த வாயால் கேட்பது? ஆனால் என் குளத்துக்காக நான் எந்தக் கம்மாயையும் தூர்க்கவில்லை.

பெண்பிள்ளைகள் வரிசையில் நின்று அந்தச் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அவர்களும் ஏமாறவில்லை. ஒருத்தி இலையைத் தொட்டுப் பார்த்து, "தூசி தட்டி வைக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டுத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டு நின்றாள்.

நான் பேத்தியின் போனை வாங்கி, ரோட்டு ஓரம் வரைக்கும் பின்னால் போய், வோய்ட் மாதிரி நடுவில் வைத்து, நேருக்கு நேர், மேகம் மறைக்கிறவரை காத்திருந்து ஒரு படம் எடுத்தேன். பதினைந்து வருஷம் கழித்து நான் நின்று நிதானித்து எடுத்த படம். பச்சைச் சுவர் மேல் பாதியில் இருக்கிறது. கீழே சுவருக்கு முட்டுக் கொடுத்த கட்டை, மணல் மூட்டை, எழுத்துக்குக் கரண்ட் போகிற ஒயர், அதை மிதிக்காமல் இருக்க யாரோ போட்ட கிழிந்த மிதியடி.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இடமில்லை என்றால் போட வேண்டாம், வருத்தமில்லை. போடுவதாக இருந்தால் மேலே எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே பச்சையைத் தவிர ஒன்றுமில்லை. கீழே கை வைக்காதீர்கள். இடது மூலையில் பேப்பர் கப் அடுக்கி வைத்திருக்கிறதே, அது ஸ்டூல் இல்லை. வேம்பின் அடிக்கட்டை.

இப்படிக்கு,
பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர்,
கோவில்பட்டி.
(பெயர் போட வேண்டாம், மண்டபத்துக்காரர்கள் இன்னும் சொந்தம்தான்.)